துர்காவின் மூன்று நட்சத்திரம்

"என் விளையாட்டுல எங்கே தப்பு இருக்குதுன்னு நீங்கதான் சொல்லணும், டீச்சர்."

தண்டபாணி வாசலிலேயே நின்று கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோளில் லேப்டாப் பை தொங்கியது.

ரெஜினா டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பிள்ளைங்க போகட்டுங்க. அதுவரைக்கும் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

திருப்பூரில் ஒரு பழைய துணிக் குடோனின் மாடி அது. படிக்கத் திணறும் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே வருவார்கள். இனி நம்மால் ஆகாது என்று பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள். முப்பத்துநான்கு வயது ரெஜினாதான் அவர்களுக்கு எல்லாம்.

தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதே மாடிக்கு வந்து, "இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தர எனக்குக் கத்துக்கொடுங்க" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் உக்காருங்க" என்றார் ரெஜினா.

மூன்று மாதம் உட்கார்ந்தார். நான்கு நோட்டு நிறைய எழுதினார். மூன்றாம் மாதக் கடைசியில் எழுந்து, "புரிஞ்சிருச்சுங்க டீச்சர்" என்றார்.

"என்ன புரிஞ்சுது?"

"இவங்களுக்கு இருக்கிறது பயம். தப்பாப் படிச்சா அடி விழும், இல்லாட்டி நாலு பேர் சிரிப்பாங்க. அந்தப் பயத்தை எடுத்துட்டாப் போதும். நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு பண்ணப் போறேன். அதுல யாரும் அடிக்க மாட்டாங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."



"இன்னும் ஒம்போது மாசம் இருக்குதுங்க சார்" என்றார் ரெஜினா.

தண்டபாணி அந்த ஒன்பது மாதத்தை உட்காரவில்லை. விளையாட்டைச் செய்தார். 'எழுத்துத் தோப்பு' என்று பேர் வைத்தார். ஒரு அறக்கட்டளை அதை எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தது. நாற்பதாயிரம் பிள்ளைகள் ஆடினார்கள்.

அதில் ஒருத்தி துர்கா.

கடைசிப் பிள்ளை படியிறங்கிப் போனதும் ரெஜினா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க."

தண்டபாணி சொன்னார்.

துர்காவுக்கு ஒன்பது வயது. அப்பா இல்லை. அம்மா பாண்டீஸ்வரி தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நான்கு வயதில் யாமினி என்று இன்னொரு மகள். துர்கா இரண்டு வருடமாக எழுத்தே வராத பிள்ளை. எழுத்துத் தோப்பு வந்த பதினோரு மாதத்தில் நாற்பது லெவலையும் முடித்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று நட்சத்திரம். மாவட்டத்திலேயே முதல்.

அறக்கட்டளை மேடை போட்டு அவளுக்குக் கோப்பை கொடுத்தது. கொடுத்தவர் தண்டபாணி. பாண்டீஸ்வரியையும் மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கில் சொன்னார்: "அம்மா, உங்க மக இனிமே எதைக் குடுத்தாலும் படிப்பா."

அது நடந்து ஆறு வாரம் கழித்து, யாமினிக்கு வலது கண்ணில் மெட்ராஸ் ஐ வந்தது. பாண்டீஸ்வரிக்குக் கால் ஆணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டுக்கும் மருந்து வாங்கினாள். இரண்டும் கட்டைவிரல் அளவு குப்பி. எது எதற்கு என்று குழம்பிவிடும் என்பதால், கடைக்காரரிடம் சொல்லிப் பிளாஸ்திரித் துண்டில் எழுதி ஒட்டி வாங்கினாள். ஒன்றில் 'கண்'. இன்னொன்றில் 'கால்'.

"என் மக படிச்சிருவா" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

பையைத் துர்காவிடம் கொடுத்துவிட்டு ஓவர்டைம் பார்க்கப் போனாள். மத்தியானம் போன் செய்தாள். "கண்ணுன்னு போட்டிருக்கிற குப்பிய எடுத்துப் பாப்பாவுக்கு ரெண்டு சொட்டு விடு. எரியும். அழுவா. கையக் காலப் பிடிச்சுக்கிட்டு விடு."

துர்கா பையில் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்தாள். பார்த்தாள். க என்று இருந்தது.

முதல் சொட்டில் யாமினி அலறினாள். எரியும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அழுவாள் என்றும் சொல்லியிருந்தாள். துர்கா தங்கச்சியின் நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு இரண்டாவது சொட்டையும் விட்டாள்.

கால் ஆணி மருந்தில் ஆசிட் உண்டு.

தண்டபாணி சொல்லி முடித்தார். கீழே தெருவில் ஒரு ஆட்டோ திரும்பி நின்றது.

"ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். பத்து நாள் ஆச்சு. நூறு வாட்டி நான் ப்ரோக்ராமைப் பாத்துட்டேன் டீச்சர். கண் இருக்குது. கால் இருக்குது. ரெண்டையும் அவ சரியா அழுத்தியிருக்கா. எனக்கு விளங்கல."

ரெஜினா எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார்.

"லேப்டாப்பைத் திறங்க. நீங்களே ஆடுங்க."

விளையாட்டு எளிதானது. மேலே ஒரு வார்த்தை வரும். கீழே நான்கு படம். வார்த்தைக்கு உரிய படத்தைத் தொட வேண்டும். சரியென்றால் கிளி பறக்கும். தப்பென்றால் கிளி தலையை ஆட்டும், அந்தப் படம் மங்கிப்போகும். மறுபடி தொடலாம்.

ரெஜினா தாளை வெட்டித் திரையின் மேல் ஒட்டினார். வார்த்தையின் முதல் எழுத்து மட்டும்தான் தெரிந்தது.

"ஆடுங்க."

ம என்று வந்தது. கீழே மரம், பந்து, கத்தி, தவளை. தண்டபாணி மரத்தைத் தொட்டார். கிளி பறந்தது.

த வந்தது. கீழே வாழை, தட்டு, நரி, படகு. தட்டைத் தொட்டார்.

பத்துக்குப் பத்து. மூன்று நட்சத்திரம் வந்து மின்னியது.

ரெஜினா அந்த முதல் எழுத்தின் மேலும் தாளை ஒட்டினார். இப்போது வார்த்தையே இல்லை.

"ஆடுங்க சார்."

"எதைப் பாத்து ஆடறது?"

"ஆடுங்க."

ஒரு படத்தைத் தொட்டார். மங்கியது. இன்னொன்றைத் தொட்டார். மங்கியது. மூன்றாவதில் கிளி பறந்தது. அடுத்ததில் இரண்டாவதிலேயே பறந்தது. பத்தும் முடிந்தபோது ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அடுத்த லெவல் திறந்துகொண்டது.

தண்டபாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற ரெண்டு படத்தை நான் பக்கத்துல பக்கத்துல வைக்கவே இல்லைங்க டீச்சர். பிள்ளைங்க குழம்பக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பிரிச்சு வெச்சேன்."

ரெஜினா கத்தரிக்கோலை மூடித் தரையில் வைத்தார்.

"இதை ரெண்டு வாரத்துல சரி பண்ணிடலாம்."

"துர்காவைப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"பத்து நாளாச்சுன்னு சொன்னீங்க."

தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

ரெஜினா திரையில் ஒட்டிய தாளைப் பிய்த்து எடுத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு விளக்கமாற்றை எடுத்து அறையைப் பெருக்க ஆரம்பித்தார். தண்டபாணி உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் நின்று காத்திருந்தார்.

தண்டபாணி எழுந்து போனார்.

மறுநாள் மத்தியானம் பாண்டீஸ்வரியின் வீட்டுக்குப் போனார். அது ஒரு லைன் வீடு. பத்து வாசல், ஒரே குழாய். அவள் வீட்டில்தான் இருந்தாள். கம்பெனிக்குப் போகவில்லை.

அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார். வழியெல்லாம் அதற்கு மனதைத் தயார்ப்படுத்தியிருந்தார்.

"வாங்க சார்" என்றாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒரு பேப்பர் படிக்கணும்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"பெரியாஸ்பத்திரில குடுத்தாங்க. இங்கிலீஷ்ல இருக்கு. கேட்டா ஒவ்வொருத்தரும் அடுத்தவரக் கை காட்டுறாக. என்னதான் எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

யாமினி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதி முகத்துக்குக் கட்டு. துர்காவைக் காணவில்லை.

தண்டபாணி தாளை விரித்தார். வாசித்தார்.

"புண்ணு ஆறிட்டு வருதுன்னு போட்டிருக்கு. மருந்து நாலு வேளை போடணும். வெயில்ல போகக் கூடாது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

பாண்டீஸ்வரி தாளின் அடியில் விரலை வைத்தாள். அங்கே இன்னும் மூன்று வரி இருந்தது.

"இதுவும் எழுத்துதான சார்?"

தண்டபாணி தாளை மடிக்கப் போனார்.

"முழுசாப் படிங்க சார். நீங்களும் பாதியில விட்டா நான் யாருகிட்டக் கொண்டுபோய்க் குடுப்பேன்?"

அவர் படித்தார். வலது கண்ணில் பார்வை இல்லை. திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாண்டீஸ்வரி ஒருமுறை தலையை ஆட்டினாள். தாளை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"டீ போடவா சார்?"

"வேண்டாம்மா. துர்கா எங்க?"

அவள் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள்.

துர்கா அங்கே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்டபாணி தரையில் உட்கார்ந்து, குனிந்து பார்த்தார். முதுகு மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடச் சட்டை.

"பத்து நாளா பள்ளிக்கூடம் போகல" என்றாள் பாண்டீஸ்வரி. "சட்டைய மட்டும் காலையில போட்டுக்கிடுவா."

"துர்கா, நான் தோப்பு அங்கிள் வந்திருக்கேன்" என்றார் தண்டபாணி.

துர்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அங்கிள், தோப்புல தப்பா அழுத்தினா இன்னொருக்கா அழுத்தலாம்ல?"

"ஆமா."

"பாப்பாவுக்கு?"

அவர் எப்படி வெளியே வந்தார், எப்படிப் பேருந்து ஏறினார் என்று அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை.

நேராக ரெஜினாவின் மாடிக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் சொன்னார்.

"இந்த விளையாட்டை நான் அழிச்சுடப் போறேன் டீச்சர். ஒரு பள்ளிக்கூடத்துலயும் இருக்கக் கூடாது."

"அழிச்சா?"

"இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆகாது."

"துர்காவுக்கு?"

தண்டபாணி அன்றைக்கே அறக்கட்டளைக்கு எழுதினார். எழுத்துத் தோப்பில் கிடைக்கும் நட்சத்திரத்துக்கும் வாசிப்புக்கும் சம்பந்தம் இல்லை, எல்லாப் பள்ளியிலும் உடனே நிறுத்துங்கள், பெற்றோருக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுதினார். துர்காவின் கதை முழுவதையும் எழுதினார்.

அவர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நடந்தது துயரமானது, ஆனால் அது மருந்துக் குப்பியால் வந்த விபத்து என்றார்கள். விளையாட்டு ஒப்பந்தப்படி தங்களுடையது என்றார்கள். நீங்கள் கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார்கள். அடுத்த மாதம் விளையாட்டின் முகப்பில் அவர் பேர் இல்லை. கோப்பையைத் தூக்கிப் பிடித்த துர்காவின் படம் மட்டும் அப்படியே இருந்தது.

தண்டபாணி மறுபடி மாடி ஏறினார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"நாப்பதாயிரம் பிள்ளைங்க இன்னும் அதை ஆடிட்டு இருக்காங்க டீச்சர். என்னால நிறுத்த முடியல."

"நாப்பதாயிரத்துல ஒருத்தர் பேரு சொல்லுங்க."

தண்டபாணி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியது.

"துர்கா" என்றார்.

"வேற?"

வேறு பேர் அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப அவளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் ரெஜினா.

கூட்டிக்கொண்டு வருவது அவ்வளவு எளிதாக இல்லை. பாண்டீஸ்வரி சம்மதித்தாள். துர்கா கட்டிலுக்கு அடியிலிருந்து வரமாட்டேன் என்றாள். தண்டபாணி தினமும் சாயங்காலம் போய்த் தரையில் உட்கார்ந்திருப்பார். ஒன்பதாம் நாள் அவளாக வெளியே வந்தாள்.

பேருந்தில் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகுதான் கவனித்தார், சன்னலுக்கு வெளியே கடை போர்டு வரும்போதெல்லாம் இமை இன்னும் இறுகியது. சுவர் எழுத்து, போஸ்டர், பேருந்துக்குள் ஒட்டியிருந்த டிக்கெட் அறிவிப்பு, எதையும் அவள் பார்க்கத் தயாராக இல்லை.

மாடியிலும் அப்படித்தான். தாளைக் கண்டால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். அட்டை காட்டினாலும் அதேதான். மணலில் எழுதிக் காட்டினார்கள், அதற்கும் கை வெளியே வரவில்லை.

மூன்று வாரம் போனது.

"உங்க விளையாட்டை எடுங்க சார்" என்றார் ரெஜினா.

தண்டபாணி தன் காதை நம்பவில்லை.

"அதையா? இவகிட்டயா? மனசாட்சி இருக்கிறவன் செய்வானுங்களா டீச்சர்?"

"இந்தப் பிள்ளை எங்கெல்லாம் தப்புப் பண்ணியிருக்காளோ அங்கெல்லாம் யாருக்காவது ஏதாவது ஆயிருக்குது. அந்தத் தோப்புல மட்டும்தான் ஒண்ணும் ஆகல. எடுங்க."

பழைய பிரதி ஒன்று அவருடைய லேப்டாப்பில் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அதை மாற்றினார். நட்சத்திரங்களை எடுத்தார். மங்கும் படத்தை எடுத்தார். நான்கு படமும் ஒரே எழுத்தில் தொடங்கும்படி வைத்தார். கிளியை மட்டும் விட்டுவைத்தார்.

லேப்டாப்பைத் திறந்து வைத்ததும் துர்காவின் ஒரு கை வெளியே வந்தது.

ரெஜினா தண்டபாணியை அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தொடக் கூடாது. சொல்லித்தரக் கூடாது. உக்காருங்க."

"நான் என்ன செய்யணும்?"

"உக்காரணும்."

துர்கா வேகமாக ஆடினாள். சட் சட்டென்று தொட்டாள். பாதிக்குமேல் தப்பு. ஆனால் ஒரு வாரத்தில் தப்பு குறைந்தது. இரண்டாவது வாரம் பத்துக்கு எட்டு சரி. தண்டபாணிக்கு ராத்தூக்கம் கொஞ்சம் வந்தது.

ரெஜினாவிடம் சொன்னார். ரெஜினா வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். துர்காவை அல்ல, அவரை.

"நாளைக்கு அவளுக்குப் பின்னாடி உக்காருங்க."

பின்னால் உட்கார்ந்த அன்று பத்துக்கு மூன்றுதான் சரி. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவள் விரல் சரியான படத்தின் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்திருக்கிறது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

ஒரு வாரத்தில் மறுபடி எட்டு வந்தது. இந்த முறை அவர் மூச்சை வைத்துக் கண்டுபிடித்திருந்தாள்.

"இவ படிக்கிறதுல கெட்டிக்காரி சார்" என்றார் ரெஜினா. "எழுத்தை மட்டும்தான் படிக்க மாட்டா."

அதன்பிறகு தண்டபாணி மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டார். வேறு எதையும் எதிர்பார்க்காமல் உட்காரக் கற்றுக்கொள்ள அவருக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

அந்த நாட்களில் பாண்டீஸ்வரி சில சமயம் வேலை முடிந்து நேராக மாடிக்கு வந்துவிடுவாள், யாமினியையும் கூட்டிக்கொண்டு. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கண் வெளுத்துப்போய் இருந்தது. குழந்தை ஓடும்போது வலது பக்கம் இருக்கிற நிலைக்கதவில் இடித்துக்கொள்ளும். அழாது. தடவிக்கொண்டு மறுபடி ஓடும்.

வீட்டுக்குப் போகும்போது மூவரும் படியிறங்கித் தெருவில் நடப்பதைத் தண்டபாணி மேலேயிருந்து பார்ப்பார். துர்கா எப்போதும் தங்கச்சியின் வலது பக்கத்தில்தான் நடந்தாள். யாரும் அவளிடம் சொன்னதில்லை. சாலையைக் கடந்து திரும்பும்போது இடம் மாறிவிட்டால், பின்னால் சுற்றி ஓடிவந்து மறுபடி வலது பக்கத்தைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் அவர் ரெஜினாவிடம் கேட்டார்.

"நான் அன்னிக்கே அந்த ஒம்போது மாசத்தையும் உக்காந்திருந்தா இது நடந்திருக்காதுங்களா டீச்சர்?"

ரெஜினா பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்து, முனையை ஊதி, டப்பாவில் போட்டார். அடுத்த பென்சிலை எடுத்தார்.



ஐந்தாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டதால் மற்ற பிள்ளைகள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். துர்கா மட்டும் லேப்டாப் முன்னால் இருந்தாள். தண்டபாணி அவள் பின்னால். ரெஜினா அந்தக் கோடியில் ஒழுகும் இடத்துக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் பல்லி என்று வந்தது. கீழே பந்து, பல், பழம், பல்லி.

துர்கா விரலைத் தூக்கினாள். பந்தின் பக்கம் போனது. நின்றது. பல்லின் பக்கம் போனது. அங்கேயும் நின்றது.

தண்டபாணி மூச்சை அடக்கினார்.

விரல் இறங்கி அவள் மடிக்கு வந்துவிட்டது.

மழை கொஞ்சம் வலுத்தது. துர்கா திரும்பிப் பார்க்கவில்லை. எதையும் தொடவும் இல்லை.

"தெரியல" என்றாள்.

ஐந்து மாதம். கட்டிலுக்கு அடியில் ஒன்பது நாள், கை வெளியே வர மூன்று வாரம், பிறகு தினமும் இந்தத் தரை. கடைசியில் இவள் தொடுவதையும் விட்டுவிட்டாள். இனி கட்டிலுக்கு அடியில்தான் போகப் போகிறாள் என்று தண்டபாணி நினைத்தார்.

உதவிக்கு ரெஜினாவைப் பார்த்தார்.

ரெஜினா வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். கை நனைந்திருந்தது. முந்தானையில் துடைக்கக்கூட இல்லை. வந்து துர்காவுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தை இத்தனை வருடத்தில் தண்டபாணி அப்படிப் பார்த்ததில்லை.

"சார்" என்றார் மெதுவாக. "பதினோரு மாசம் இவ எத்தனை வாட்டி அழுத்தினான்னு உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிஞ்சிருக்கும்ல?"

"ஆமாங்க. ஆயிரக்கணக்குல இருக்கும்."

"இப்பச் சொன்னாளே, இதை அதுல எங்கயாவது சொல்லியிருக்காளா?"



சொன்னதில்லை. ஒரே ஒரு முறைகூட இல்லை. அவள் சொல்லியிருந்தாலும் அதைக் கேட்டுக்கொள்ள அந்தத் தோப்பில் ஆள் கிடையாது.

தண்டபாணி கையை ஊன்றி நகர்ந்து, துர்காவின் பின்னாலிருந்து பக்கத்துக்கு வந்தார். ரெஜினா தடுக்கவில்லை. துர்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது தெரியல, கண்ணு?"

அவள் விரலை மறுபடி தூக்கினாள். படங்களின் பக்கம் அது போகவில்லை. மேலே போய் வார்த்தையின் மேல் நின்றது.

"இது தெரியும்" என்று முதல் எழுத்தைத் தொட்டாள்.

விரலை ஒரு எழுத்து நகர்த்தினாள்.

"இது தெரியல."